தளத்தின் மேல் பூத்த உப்பு

வானூர் ஆபீஸில் எனக்கு நாற்காலி இருந்தது, மேசை இல்லை. மடியில் அட்டையை வைத்துத்தான் எழுதுவேன். சுனாமி வந்த மறு வருடம் அது. கடலோரத்தில் எங்கே பார்த்தாலும் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவை ஒழுங்காகக் கட்டப்படுகின்றனவா என்று பார்க்கவும், கட்டுவதற்கு யாருக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று முடிவு செய்யவும் ஒரு குழு போட்டிருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர் தலைவர். அவரோடு இன்னும் இரண்டு பேர். ஊரில் அதை ‘போர்டு’ என்பார்கள். போர்டுக்காக வெயிலில் அலைந்து சைட் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்திருந்த நான் ஒப்பந்த வேலையாக அதில் சேர்ந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியை முழுசாக ஏறியவள் நான்தான். அம்மா மரக்காணத்து உப்பளத்தில் கூலி. அப்பா இருந்த வரைக்கும் அவரும் அங்கேதான். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இப்போதும் உண்டு. கைப்பையில் டேப்பும் சாக்பீஸும் இல்லாமல் வெளியே போக மாட்டேன். பஸ்ஸில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், கேட்காதவர்களுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்வேன்.

ஆனால் வேலை சேர்ந்த சில மாதங்களிலேயே அலுப்பு வந்துவிட்டது. இரண்டு பஸ் மாறி வானூர், அங்கிருந்து திரும்பக் கடற்கரை, உப்பளத்து வரப்பில் நடை. பெரிய காண்ட்ராக்டர்களின் சைட்டில் நான் எழுதிக் கொடுத்த குறைகள் எந்த பீரோவுக்குள் போயின என்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய மேனேஜர்கள் என்னைப் பார்த்தால் நாற்காலி போடச் சொல்வார்கள், கூல்டிரிங்க்ஸ் வரவழைப்பார்கள், அதற்குள் நான் பார்க்க வந்த சுவருக்குப் பூச்சு ஏறியிருக்கும்.

என் மாமாவும் போர்டில் பதிந்த காண்ட்ராக்டர்தான். அம்மாவின் தம்பி, மேஸ்திரி. உப்பளத்துக்கு நடுவில் லாரி போக முடியாத இடங்களில் இருந்த சின்னச் சின்ன வேலைகளை வெளியூர்க்காரர்கள் யாரும் எடுக்கவில்லை. அதனால் உள்ளூர் மேஸ்திரிகளுக்குத் தற்காலிக லைசென்ஸ் கொடுத்துப் பார்க்கலாம் என்று போர்டு முடிவு செய்தது. கட்டுகிற வீடுகள் பாஸானால் லைசென்ஸ் நிரந்தரம். மாமாவுக்கு நான்கு வீடுகள் கிடைத்தன. அவர் எனக்கு மாமா என்பதை அன்றைக்கே தலைவரிடம் சொன்னேன். “இந்த ஊர்ல யாருக்கு யாரும்மா சொந்தமில்ல, வேலையைப் பாரு” என்றார்.

மாமா முதலில் செய்த காரியம் தன் பெயரை எழுதிய தகரப் பலகையை இரண்டு சவுக்குக் கழிகளில் அறைந்து சைட்டில் நட்டதுதான். அஸ்திவாரத்துக்கு மண் தோண்டுவதற்கு முன்பே பலகை நின்றது. “இத்தினி வருஷமா அடுத்தவன் பேரு போட்ட போர்டுக்குக் கீழ நின்னுதான் கட்டினேன் பாப்பா” என்றார். “இந்த நாலும் பாஸாவட்டும். அப்புறம் எவன் கிட்டயும் கை கட்ட மாட்டேன்.”

அந்த வீடுகளுக்குச் சித்தாள் வேலைக்கு வந்தவர்கள் எங்கள் தெருப் பெண்கள். அம்மாதான் அவர்களைக் கூட்டி வந்தாள். விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய், வெயில் ஏறியதும் அங்கே முடித்துக்கொண்டு, பாதத்தில் உப்பு காய்ந்த தடத்தோடு நேராகச் சைட்டுக்கு வருவார்கள். எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். அதனால் மாமா மேற்கே ஒருவரின் கொல்லைக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீருக்கு டிராக்டர் ஏற்பாடு செய்திருந்தார். டிராக்டர் ரோட்டோரம் நிற்கும். டிரம்மில் இறக்கி, அங்கிருந்து குடத்தில் சுமந்து வர வேண்டும். கலவைக்கும் அதுதான், காங்கிரீட் போட்ட பிறகு அதன் மேல் விடுவதற்கும் அதுதான்.

முதல் இரண்டு வீடுகளுக்குக் கூரைத் தளம் போட்ட அன்று நானும் அங்கே இருந்தேன். ஜல்லி, மணல், சிமெண்ட், கம்பி எல்லாம் சரி. மாமா ஒரு சட்டி கலவையைக்கூடத் தான் பார்க்காமல் மேலே அனுப்பவில்லை. மறுநாள் தளத்தின் மேல் சின்னச் சின்ன வரப்பு கட்டி, தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்லிவிட்டு, மற்ற இரண்டு வீடுகளின் அஸ்திவாரத்துக்குப் போய்விட்டார். “ஈரம் காயக் கூடாதுக்கா, அவ்ளோதான்” என்று அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, தளத்தைக் கீழேயிருந்து தாங்கும் செண்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கலாமா என்று பார்க்கப் போனேன். ஏணியில் ஏறித் தலையை நீட்டியதும் கண் கூசியது. தளம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தண்ணீர். மேலிருந்து பார்த்தால் உப்பளம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. தண்ணீர் தேக்கிய தளம் எப்போதும் அப்படித்தான் இருக்கும், அதில் ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீர் வற்றிய மூலைகளில் வெள்ளை பூத்திருந்தது. சிமெண்ட்டிலிருந்தே கொஞ்சம் வெள்ளை வரும், செங்கல்லிலிருந்தும் வரும். இது அந்த வெள்ளை இல்லை. விரல் நகத்தால் சுரண்டினேன், கல் கல்லாக வந்தது. நாக்கில் வைத்தேன்.

பக்கத்து வீட்டுத் தளத்திலும் ஏறி வைத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே.

கீழே இறங்கினபோது அம்மாவும் மற்ற நான்கைந்து பெண்களும் செங்கல் அடுக்கின் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

“யம்மா, மேல நிக்கிற தண்ணி ஏதும்மா?”

“வாய்க்கால்லேருந்து மொண்டதுதான். ஏன்?”

“வாய்க்காலுன்னா, உப்பு வாய்க்காலா?”

“பின்ன இங்க பாலாறா ஓடுது?” என்றாள் பக்கத்தில் இருந்த பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

“மாமா டிராக்டர்ல நல்ல தண்ணி எறக்கறாரே, அது இன்னா ஆவுது?”

அம்மா சோற்றைப் பிசைந்தாள். அந்தப் பெண்தான் சொன்னாள். “காலைல தலைக்கு ஊத்திக்கினு, மணமணன்னு ஆபீசுக்குக் கெளம்பினியே. அது இன்னா தண்ணின்னு நெனச்ச?”

தெரு முழுக்க வாசலில் குடங்கள் நிறைந்திருந்ததை நானும் பார்த்திருந்தேன். பஞ்சாயத்துக் குழாயில் இந்த வருடம் தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“குடிக்கிற தண்ணியக் கொண்டாந்து கல்லு மேல கொட்டச் சொல்றியா?” அம்மா கையைக் கழுவினாள், அதற்கும் உப்புத் தண்ணீர்தான். “கொழந்த குட்டிங்க கொடம் தூக்கினு அலையற ஊருல? பாவம்டி. கை வருமா?”

“அதுக்காக உப்புத் தண்ணியா?”

“ஏன், உப்புத் தண்ணிக்கு இன்னா கொற? உப்புப் பாத்தி கட்டறப்போ எத ஊத்தி மிதிக்கிறோம்? மிதிக்க மிதிக்கத் தரை இரும்பாட்டம் ஆவுதா இல்லையா? களிமண்ணே அப்படி ஆவுதுன்னா சிமெண்ட்டு எப்பிடி ஆவும்? உன் மாமனுக்கு நல்லா கெட்டியா இருக்கட்டும்னுதான் நானே போயி முத்தின தண்ணியாப் பாத்து மொண்டேன்.”

முத்தின தண்ணீர் என்றால் இன்னொரு வெயிலில் உப்பாகிவிடும் தண்ணீர். அதைத் தேடிப் போய் எடுத்து வந்திருந்தாள்.

“உள்ள கம்பி இருக்குதேம்மா. உப்பளத்துக் கொட்டாய்த் தகரம் துரு புடிச்சு இன்னா ஆச்சுன்னு நீ பாக்கலையா?”

“தகரம் வெளிய கீது. கம்பி உள்ள கீது. சிமெண்ட்டுதான் மூடிக்கிச்சே.”

காங்கிரீட் கல்லைப் போலத் தெரிந்தாலும் அது தண்ணீரை உள்ளே இழுக்கும், இழுத்த தண்ணீரோடு உப்பும் போகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பாலிடெக்னிக் தேவைப்பட்டது. அம்மாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மாமாவிடம் போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “எந்தத் தளம்?”

“ரெண்டும்.”

ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, கவிழ்த்திருந்த சட்டியின் மேல் உட்கார்ந்தார். செங்கல் நிழலைத் திரும்பிப் பார்த்தார். “அக்காவா?”

தலையாட்டினேன். பாட்டி சீக்கிரம் செத்துப்போய்விட்டதால் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அம்மா. அவர் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

“உன் போர்டுல சொல்லித்தான் ஆவணுமா பாப்பா?”

“கம்பி துரு புடிச்சு உப்பிச்சுன்னா ஒரு நாள் தளம் பேந்து விழும் மாமா. கீழ யாராவது படுத்துனு இருப்பாங்க.”

“மேஸ்திரிக்கே பாடம் எடுக்கறியா?” என்றார். கோபமாக இல்லை. சட்டியிலிருந்து எழுந்து, “சரி, எழுது. அக்கா பேரு மட்டும் வர வேணாம்” என்றார்.

போர்டின் விதி எனக்குத் தெரியும். வேலையாட்கள் தெரியாமல் செய்த தவறு என்றால் காண்ட்ராக்டருக்கு எச்சரிக்கை, தளத்தை உடைத்துத் தன் செலவில் மறுபடி போட வேண்டும், லைசென்ஸ் நிற்கும். தெரிந்தே செய்யச் சொன்னார் என்றால் லைசென்ஸ் ரத்து. அதை மாமாவுக்கு இரண்டு முறை விளக்கினேன். “கூப்பிட்டுக் கேப்பாங்க. சித்தாளுங்க தெரியாம ஊத்திட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க.” தலையை ஆட்டினார்.

அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழுவில் இருந்தவர்களில் ஒருவர், எப்போதும் பல் குத்திக்கொண்டிருப்பவர், படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“உப்புன்னு எப்படிம்மா கண்டுபுடிச்ச?”

“நாக்குல வச்சுப் பாத்தேன் சார்.”

“நாக்குலயா? பில்டிங் கோடு புக்குல நாக்கு எத்தினாவது பக்கத்துல வருது?”

எல்லோரும் சிரித்தார்கள், ஃபைல் தூக்கி வந்த பியூன் உட்பட. உப்பைக் கண்டுபிடிக்க எனக்குப் புத்தகம் வேண்டியதில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. தலைவர் மட்டும் சிரிக்காமல், தளத்தில் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். கல்லூரி ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. உப்பு என்றுதான் வந்தது.

விசாரணைக்கு மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். லைசென்ஸ் வாங்க வந்த அன்று கட்டியதும் அதே வேட்டிதான். ஃபேன் ஓடியது, காற்று வரவில்லை. பல் குத்துகிறவர் முதலில் என்னிடம் திரும்பினார்.

“இந்த ஆளு உனக்குத் தாய்மாமன்தானே?”

“ஆமாம் சார்.”

“இன்னா தகராறு? பொண்ணு கேட்டு வந்தாரா?”

“மாமாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு சார்.”

“அப்ப அவரு பையனுக்குக் கேட்டிருப்பாரு, நீ படிச்ச பொண்ணு, மாட்டேன்னிருப்ப.”

“பையன் ரெண்டாவது படிக்கிறான் சார்.”

இந்த முறை தலைவரும் சிரித்துவிட்டார். சொந்த மாமன் மேல் ஒரு பெண் எழுதிக் கொடுத்தாள் என்றால் அதற்குக் கல்யாணத்தைத் தவிர அவர்களுக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

தலைவர் மாமாவைக் கேட்டார். “உப்புத் தண்ணியை ஊத்தினது யாருப்பா?”

“சித்தாளுங்க சார். தெரியாம ஊத்திட்டாங்க.”

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தலைவர் பேனாவைத் திறந்தார். “பேரைச் சொல்லு. எழுதிக்கிறேன். இனிமே எந்தச் சுனாமி வீட்டு வேலையிலயும் அவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு எல்லா காண்ட்ராக்டருக்கும் சொல்லணும்.”

இப்படி ஒன்று வரும் என்று நான் நினைக்கவில்லை. மழை தொடங்கினால் உப்பளம் மூடிவிடும். அதற்கப்புறம் எங்கள் தெருவுக்கு அந்த வீட்டு வேலைகள்தான் சோறு. மாமா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றார்.

“சொல்லுப்பா.”

“நான்தான் சார் ஊத்தச் சொன்னேன்” என்றார் மாமா.

“இப்பத்தானே சித்தாளுங்கன்ன?”

“அவங்க ஊத்தினாங்க. சொன்னது நானு. நல்ல தண்ணி எட்டாத எடம், உப்புத் தண்ணி போதும்னு நான்தான் சொன்னேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

நான் எழுந்துவிட்டேன். “பொய் சார். அவர் சொல்லல. ஊத்தினது எங்கம்மா.”

பல் குத்துகிறவர் குச்சியை எடுத்துவிட்டு, “அன்னிக்கு மாமனை மாட்டி விட்டே. இப்ப அம்மாவை மாட்டி விட்டு மாமனைக் காப்பாத்தறியா? வூட்டுல சமாதானம் ஆயிட்டாங்களா?” என்றார்.

“நெசமாத்தான் சார் சொல்றேன்.”

“உக்காரும்மா” என்றார் தலைவர். அவர் குரலில் எரிச்சல்கூட இல்லை, என்னுடையதைப் போன்ற அலுப்புதான் இருந்தது. “அவரே ஒத்துக்கிறாரு. நாங்க இன்னா செய்ய முடியும்?”

மாமா அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். உட்கார் என்று கண்ணாலேயே சொன்னார்.

லைசென்ஸ் ரத்தானது. திரும்பும் பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார், நான் நின்றேன். “கால் கையி நல்லாருக்குது, கலவை பூசக் கரணை இருக்குது. இன்னா இப்போ?” என்று மட்டும் சொன்னார். அம்மாவிடம் போர்டில் நடந்ததைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் ரகசியம் எதுவும் நிற்காது. மறுநாள் உப்பளத்திலிருந்து திரும்பும்போதே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அன்று அவள் சமைக்கவில்லை.

நான்கு வீடுகளும் வெளியூர்க் காண்ட்ராக்டர் ஒருவருக்குப் போயின. அவருடைய பலகை பெரியது, நட்டும் போல்ட்டும் போட்டது. மாமாவின் பலகையை யாரோ பிடுங்கி, கலவையில் மண் ஒட்டாமல் இருக்கத் தரையில் விரித்திருந்தார்கள். அந்தக் காண்ட்ராக்டருக்கு அந்தப் பக்கம் நல்ல மேஸ்திரி கிடைக்கவில்லை. மாமாவையே கூப்பிட்டார். மாமா போனார். சித்தாள்களும் அதே பெண்கள்.

தளத்தை உடைத்த அன்று அம்மாவும் சட்டியில் ஜல்லி அள்ளினாள். உள்ளேயிருந்து வந்த கம்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கருப்பாக, நேற்று வாங்கியதைப் போல இருந்தது.

“கம்பி நல்லாத்தானே கீது?” என்றாள் என்னிடம்.

“இப்ப நல்லாத்தான்மா இருக்கும்.”

“அப்புறம் ஏன்டி ஒடைக்கிறீங்க?”

இன்னும் சில வருடம் விட்டால் தெரியும் என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கம்பியைக் குவியலில் போட்டுவிட்டு அடுத்த சட்டியை எடுத்தாள்.

புதுத் தளம் போட்டார்கள். வரப்பு கட்டினார்கள். டிராக்டர் ரோட்டோரம் வந்து நின்றது. போர்டில் என்னை எடுத்துவிடவில்லை. நாற்காலியும் அப்படியே இருந்தது, மேசையும் அப்படியே வரவில்லை. சைட் பார்க்க நான்தான் போனேன்.

நான் ஏணியில் ஏறியபோது அம்மா குடத்தோடு மேலே நின்றிருந்தாள். குடத்தைச் சாய்த்து, முதலில் ஒரு கை ஏந்திக் குடித்தாள். இன்னொரு கை ஏந்தி முகத்தில் விட்டுக்கொண்டாள். பிறகு மிச்சத்தைக் கட்டத்துக்குள் ஊற்றினாள். வேகமாகக் கொட்டவில்லை, குழந்தைக்கு ஊற்றுவதைப் போல மெதுவாக, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. கீழேயிருந்து மாமா, “ஊத்துக்கா, ஊத்து” என்றார்.

நான் குனிந்து தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

“ஏன்டி, என்னைய நம்பலையா?” என்றாள் அம்மா.

“என் வேலைம்மா” என்றேன்.

அவள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டி ஏணியில் இறங்கினாள். நான் பக்கத்து வீட்டுத் தளத்துக்குப் போய் அங்கேயும் விரலைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்தான்.